வாஷிங்டன் டன்பார் உயர்நிலைப் பள்ளி: எப்படி எழுந்தது, ஏன் தளர்ந்தது?

கரும்பலகை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு கேள்வியை இன்று இழையாகவே திறந்துவிடுகிறேன்.

1921-இல் அமெரிக்காவில் மூன்று கறுப்பினப் பெண்கள் முனைவர் பட்டம் வாங்கினார்கள். அதற்கு முன் அந்த நாட்டில் எந்தக் கறுப்பினப் பெண்ணும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. ஜார்ஜியானா சிம்ப்சன் சிகாகோ பல்கலைக்கழகத்தில், சேடி மோசெல் பென்சில்வேனியாவில், ஈவா டைக்ஸ் ராட்கிளிஃபில். மூன்று ஊர், மூன்று பல்கலைக்கழகம். ஆனால் மூவரின் வாழ்க்கையிலும் ஒரே ஒரு அரசுப் பள்ளி வருகிறது. சேடியும் ஈவாவும் அங்கே படித்தவர்கள். ஈவாவும் ஜார்ஜியானாவும் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

அந்தப் பள்ளிதான் வாஷிங்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த டன்பார் உயர்நிலைப் பள்ளி. 1870-இல் பதினைந்தாம் தெரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் அடித்தளத்தில் நான்கே மாணவர்களோடு தொடங்கியது. உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. 1891-இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் கிடைத்தது, பெயரும் எம் தெரு உயர்நிலைப் பள்ளி என்று ஆனது. 1916-இல் இன்னும் பெரிய கட்டடத்துக்கு மாறியபோது, பத்து வருடம் முன்பு 33 வயதில் இறந்துபோன கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரை வைத்தார்கள்.

1954-இல் நிறவெறிப் பள்ளிமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே டன்பாரின் பழைய பெயர் மங்கத் தொடங்கியது. அநீதி இருந்த காலத்தில் ஓங்கி நின்ற பள்ளி, அநீதி விலகியபின் ஏன் தளர்ந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

நல்ல இழை. ‘ஏன் தளர்ந்தது’ என்பதற்கு முன்னால் ‘எப்படி எழுந்தது’ என்பதைப் பேசிவிடுவோம், அங்கேதான் பதிலில் பாதி இருக்கிறது.

ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். ஆரம்ப காலத் தலைமையாசிரியர் மேரி ஜேன் பேட்டர்சன், 1862-இல் ஓபர்லின் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். அமெரிக்காவில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று அவரைத்தான் சொல்வார்கள். இடையில் ஓராண்டு பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன், 1912-இல் அந்தப் பட்டம் கைக்கு வந்தபோது எம் தெருவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நாவலாசிரியர் ஜெஸ்ஸி ஃபாசெட் இங்கே மொழி ஆசிரியர்.

இவ்வளவு படித்தவர்கள் ஏன் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்? வேறு எங்கும் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுக்கும், வேலை கொடுக்காது. குடத்திலிட்ட விளக்காக ஒரு தலைமுறையின் அறிவு முழுவதும் சில பள்ளிகளுக்குள்ளேயே எரிந்தது. குடத்துக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் முழுசாகக் கிடைத்தது.

இன்னொரு காரணம் சம்பளம். வாஷிங்டன் மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருந்ததால், அங்கே கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளையின ஆசிரியருக்கும் சம்பள விகிதம் ஒன்று. தென் மாநிலங்களில் அந்தக் காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

மணியோசை எழுதியது:

செவ்வந்தி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1862 ஏப்ரலில் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: கறுப்பினத்தவரின் சொத்துக்கு விதிக்கும் வரியில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒதுக்க வேண்டும். அதாவது அவர்கள் வரியில் ஒரு துண்டை அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது. அதுவரை வரி மட்டும் கட்டினார்கள், நகரத்தின் பொதுப்பள்ளிக்குள் பிள்ளையை அனுப்ப வழி இல்லை.

கரும்பலகை எழுதியது:

அந்த வரி விவரம் எனக்குப் புதிது மணியோசை, நன்றி.

ஆனால் நல்ல ஆசிரியர் இருந்ததால் மட்டும் பள்ளி நடந்துவிடாது. பாடத்திட்டத்துக்காகவே ஒரு பெரிய சண்டை நடந்ததாகப் படித்தேன். அன்னா ஜூலியா கூப்பர் பற்றி யாராவது விரிவாக எழுத முடியுமா?

செவ்வந்தி எழுதியது:

கூப்பரைப் பற்றி எழுதச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1858-இல் வட கரோலினாவின் ராலேயில் அடிமைத்தாய்க்குப் பிறந்தவர். ஓபர்லினில் 1884-இல் பட்டம். 1902-இல் எம் தெருப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். அப்போது நாடு முழுக்க ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு லத்தீனும் கணிதமும் ஏட்டுச் சுரைக்காய், கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் போதும் என்று ஒரு தரப்பு. கைத்தொழில் கல்வியை முன்னிறுத்திய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். உயர்கல்வி வேண்டும் என்று கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் இன்னொரு பக்கம். கூப்பர் பொறுப்பேற்ற அதே 1902-இல் வாஷிங்டனில் ஆம்ஸ்ட்ராங் கைத்தொழில் பள்ளியும் திறக்கப்பட்டது. ஆக, விவாதம் ஒரே நகரத்தில் இரண்டு கட்டடங்களாகவே நின்றது.

கூப்பர் கைத்தொழிலை வெறுத்தவர் இல்லை. பிள்ளைக்கு எது வேண்டும் என்பதைப் பிள்ளையின் தோல் நிறத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுதிவைக்காதீர்கள் என்றுதான் சொன்னார். எம் தெருவின் பாடத்திட்டத்தைக் கீழே இறக்க அவர் ஒப்பவில்லை. அவர் காலத்தில் மாணவர்கள் ஹார்வர்டு, பிரவுன், ஓபர்லின் என்று போனார்கள். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒழுங்கு சரியில்லை, நிர்வாகம் சரியில்லை என்று குற்றச்சாட்டுகள் கிளம்பின. 1906-இல் அவர் பதவி போனது.

அதோடு அவர் கதை முடியவில்லை. 1910-இல் அதே பள்ளிக்குத் திரும்பி வந்தார், தலைமையாசிரியராக இல்லை, லத்தீன் ஆசிரியராக. தான் ஆண்ட கட்டடத்துக்குள் ஒரு வகுப்பறையை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். 1915-இல் சகோதரர் வழியில் பேரப்பிள்ளைகள் முறையான ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 57. பகலில் லத்தீன், வீட்டில் ஐந்து குழந்தைகள், இதற்கு நடுவே ஆராய்ச்சி. 1925-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறை குறித்து பிரான்ஸ் என்ன நிலை எடுத்தது என்பதுதான் ஆய்வு. அடிமையாகப் பிறந்த பெண், அறுபதைத் தாண்டிய வயதில், பிரெஞ்சு மொழியில், இதைப் பற்றி எழுதினார்!

1964-இல், 105 வயதில் இறந்தார். பிற்பாடு அமெரிக்கக் கடவுச்சீட்டின் உட்பக்கத்தில் அவர் எழுதிய ஒரு வரியை அச்சிட்டார்கள். விடுதலை ஓர் இனத்துக்கோ கட்சிக்கோ உரியதல்ல, மனித குலம் முழுமைக்கும் பிறப்புரிமை என்ற பொருளில் வரும் வரி.

சட்டப்புத்தகம் எழுதியது:

கூப்பர் பதிவு அருமை. நான் மறுப்பது வேறு இடத்தில்.

இந்தப் பள்ளியைப் பற்றி எழுதும் பலர் கடைசியில் ஓர் ஆபத்தான முடிவுக்கு வருகிறார்கள்: “பார்த்தீர்களா, பிரித்து வைத்திருந்தபோது நன்றாகத்தானே படித்தார்கள், சேர்த்து வைத்ததால் கெட்டுப்போனார்கள்.” 1899-இல் வாஷிங்டனில் வைத்த பொதுத்தேர்வில் எம் தெரு மாணவர்கள் வெள்ளையர் பள்ளிகள் மூன்றில் இரண்டை முந்தினார்கள் என்பதையும் இதற்குத் துணைக்கு இழுப்பார்கள். தேர்வு முடிவு உண்மை. அதிலிருந்து இழுக்கும் முடிவு தப்பு.

ஒரு டன்பார் இருந்தது. அதே நகரத்தில் மற்ற கறுப்பினப் பள்ளிகளின் நிலை என்ன? 1947-இல் பிரவுன் இளநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லாமல் இரண்டு ஷிஃப்ட் வைத்து நடத்தினார்கள். வெள்ளையர் பள்ளிகளில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. முடிதிருத்தும் கடை வைத்திருந்த கார்ட்னர் பிஷப் என்பவரின் மகளும் பிரவுனில் படித்தாள். அவர் பெற்றோர்களைத் திரட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலைநிறுத்தம் செய்தார்.

பிஷப்புக்கு நகரத்தின் படித்த கறுப்பினக் குடும்பங்கள் மேல் நம்பிக்கையே கிடையாது. தன்னைப் போன்றவர்களை அவர்கள் மனிதராக மதிப்பதில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. கடைசியில் அவர் போய் நின்றது சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனிடம். எம் தெருப் பள்ளியில் 1911-இல் முடித்தவர், அம்ஹர்ஸ்ட் கல்லூரி, பிறகு ஹார்வர்டு சட்டம். அதாவது பிஷப் நம்பாத அந்த வர்க்கத்தின் உச்சியில் இருந்தவர். ஹூஸ்டன் அவருக்காகக் கட்டணமே இல்லாமல் வழக்கு நடத்தினார்.

ஹூஸ்டன் உடல்நலம் குன்றியதும் வழக்கு ஜேம்ஸ் நாப்ரிட் என்ற வழக்கறிஞர் கைக்குப் போனது. ஹூஸ்டன் 1950 ஏப்ரலில் இறந்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பிஷப் பதினோரு பிள்ளைகளைப் புதிதாகக் கட்டிய சூசா இளநிலைப் பள்ளிக்கு அழைத்துப்போனார். வெள்ளையர் பள்ளி என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் பெயரில் போனதுதான் போலிங் எதிர் ஷார்ப் வழக்கு. 1954 மே 17 அன்று, மாநிலங்களின் பள்ளிப் பிரிவினையை ஒழித்த ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ வழக்கின் (மேலே சொன்ன பிரவுன் பள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை) தீர்ப்பு வந்த அதே நாளில், இதற்கும் தீர்ப்பு வந்தது. வாஷிங்டன் நகரம் ஒரு மாநிலம் அல்ல என்பதால், மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியவில்லை, மத்திய அரசைக் கட்டுப்படுத்தும் ஐந்தாவது திருத்தத்தை எடுத்தார்கள்.

டன்பாரை வளர்த்த முறையை உடைக்க வழி வகுத்தவரே அந்தப் பள்ளியின் பழைய மாணவர்தான். அவருக்குத் தன் பள்ளியின் மேல் பாசம் இல்லாமலா அதைச் செய்தார்? தனக்குக் கிடைத்தது பிரவுன் பள்ளியின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்ததால் செய்தார்.

மணியோசை எழுதியது:

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிஷப்பும் ஹூஸ்டனும் சந்தித்த இடத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

அப்படியானால் டன்பார் மேல்தட்டுப் பள்ளி என்ற குற்றச்சாட்டு உண்மையா? வெளிர்நிறத் தோல் உள்ளவர்களுக்கும் டாக்டர், வக்கீல் பிள்ளைகளுக்கும்தான் இடம் என்று சொல்கிறார்களே?

பொட்டோமாக் கரை எழுதியது:

நான் மேரிலாண்டில் இருபது வருடமாக இருக்கிறேன். இந்தக் குற்றச்சாட்டை உள்ளூர் முதியவர்கள் வாயிலேயே இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன். டன்பாரில் படித்த ஒரு அம்மா, தன் அப்பா அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர், தன் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் என்றார். ஆம்ஸ்ட்ராங்கில் படித்த இன்னொருவர், “டன்பார் பிள்ளைகள் எங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்” என்றார். இரண்டையும் நம்புகிறேன். நுழைய இடம் கிடைத்ததா என்பது ஒரு கேள்வி, உள்ளே போனபின் எப்படி நடத்தினார்கள் என்பது வேறு கேள்வி.

நானி ஹெலன் பரோஸ் கதையை யாரும் சொல்லவில்லையே? 1896-இல் எம் தெருவில் சிறப்பாக முடித்தார். வாஷிங்டன் பள்ளிகளில் ஆசிரியர் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. கறுத்த நிறம், தெரிந்தவர் சிபாரிசு இல்லாதது, இவைதான் காரணம் என்பது அவர் எண்ணம். சரி போகட்டும் என்று விடவில்லை. 1909-இல் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு பயிற்சிப்பள்ளியே தொடங்கினார், கறுப்பினப் பெண்கள் கொடுத்த சின்னச் சின்ன நன்கொடைகளை வைத்து.

கரும்பலகை எழுதியது:

சரி, இனி என் கேள்விக்கு வருவோம். 1954-க்குப் பின் உண்மையில் நடந்தது என்ன?

சட்டப்புத்தகம் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். அதுவரை டன்பாருக்கு நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் கறுப்பினப் பிள்ளை வரலாம். 1954-க்குப் பின் எல்லை வகுத்தார்கள். வீட்டுக்கு அருகில் எது இருக்கிறதோ அதுதான் உன் பள்ளி. டன்பாரைச் சுற்றியிருந்த பகுதியில் வறுமை அதிகம். கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளி ஒரே இரவில் அந்தப் பகுதிக்கான பொதுப்பள்ளி ஆனது. பாடத்திட்டமும் ஆசிரியர்களும் ஒன்றுக்காகத் தயாரானவர்கள், வந்த தேவை வேறு. அந்தப் பிள்ளைகள் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்கு ஆறாம் வகுப்பு வரை கொடுத்திருக்க வேண்டியதை யாரும் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கம், வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் கிளம்பின. வசதி வந்த கறுப்பினக் குடும்பங்களும் வேறு பகுதிகளுக்குப் போயின. செவ்வந்தி சொன்ன குடம் உடைந்ததால், அடுத்த தலைமுறை முனைவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. அவர்கள் ஏன் பள்ளிக்கு வர வேண்டும்?

1956-இல் கார்ல் ஹான்சன் என்ற பள்ளி நிர்வாகி வகுத்த திட்டப்படி மாணவர்களைத் திறமை அளவு பார்த்து நான்கு தடங்களாகப் பிரித்தார்கள். கீழ்த்தடத்தில் யார் போய் விழுந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உரிமைப் போராளி ஜூலியஸ் ஹாப்சன் வழக்குப் போட்டார். 1967-இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அந்த முறை செல்லாது என்று தீர்ப்பளித்தார். சட்டம் பிரிவினையை ஒழித்து பதின்மூன்று வருடம் கழித்தும் அதே நகரத்தில் அதே சண்டை.

செவ்வந்தி எழுதியது:

நான் கொஞ்சம் திருத்துகிறேன். பழைய ஆசிரியர்கள் பலர் ஓய்வு பெறும்வரை டன்பாரை விட்டுப் போகவில்லை. பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பள்ளியின் பழக்கம் மெல்லத்தான் போகும். மூத்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது அவரோடு என்ன போகிறது என்று எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. எந்தப் பையனின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேச வேண்டும், எந்தக் கல்லூரிக்கு யார் பெயரில் கடிதம் போட்டால் வேலை நடக்கும், இதெல்லாம் அவர் தலையில் இருக்கும். டன்பாரிலிருந்து அம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குத் தொடர்ந்து பிள்ளைகள் போனார்களே: ஹூஸ்டன், பிறகு வில்லியம் ஹேஸ்டி, பிறகு சார்லஸ் ட்ரூ. ஒருவர் போட்ட பாதையில் அடுத்தவர் நடந்தார். ஹேஸ்டி 1937-இல் நாட்டின் முதல் கறுப்பின ஃபெடரல் நீதிபதி. ட்ரூ ரத்தப் பிளாஸ்மாவைச் சேமித்து வைக்கும் முறையை வளர்த்தெடுத்து, 1940-இல் பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் பணியை முன்னின்று நடத்தியவர்.

1954-இல் பள்ளிகளைச் சேர்த்தவர்கள் இந்தப் பாதையை எப்படிக் காப்பது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பூட்டைத் திறந்தது சரி. வீட்டில் இருந்த நல்ல பாத்திரத்தை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டப்புத்தகம் எழுதியது:

இதை முழுக்க ஏற்கிறேன்.

பொட்டோமாக் கரை எழுதியது:

கட்டடத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1916-இன் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று பழைய மாணவர்கள் போராடினார்கள், பலிக்கவில்லை, 1977-இல் இடித்தார்கள். அதற்குப் பதிலாக வந்தது ஒரு கான்கிரீட் கோட்டை. வகுப்புகளுக்கு நடுவில் சுவர் வைக்காத ‘திறந்த வகுப்பறை’ அந்தக் காலத்து மோகம். பக்கத்து வகுப்பில் கணக்கு நடந்தால் இங்கே வரலாறு காதில் விழாது. ஆசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

2013-இல் மூன்றாவது கட்டடம் வந்தது, 12 கோடி டாலருக்கு மேல் செலவு. திறந்த புதிதில் பொதுமக்களை அனுமதித்த ஒரு நாளில் மனைவியோடு போனேன். உள்ளே நுழைந்ததும் உயரமான பெரிய கூடம். பழைய கட்டடத்தில் மாணவர் படையணி பயிற்சி செய்த கூடத்தின் நினைவாக அதற்கு ‘ஆர்மரி’ என்று பெயர். தரையில் புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பெயர்கள் பதித்திருந்தன. மிதிக்கக் கூடாது என்று நான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். அங்கே நின்ற மாணவி ஒருத்தி, “பரவாயில்லை, மேலேயே நடக்கலாம், நாங்கள் தினமும் நடக்கிறோம்” என்றாள். பெயர் எழுதாத இடங்களும் இருந்தன. அது யாருக்கு என்று கேட்டேன். “இன்னும் படித்து முடிக்காதவர்களுக்கு” என்றாள்.

மணியோசை எழுதியது:

ஐயா, அந்த எம் தெருக் கட்டடம் இன்னும் இருக்கிறதா? கூப்பர் லத்தீன் எடுத்தது அங்கேதானே?

பொட்டோமாக் கரை எழுதியது:

இருக்கிறது தம்பி. எம் தெரு வடமேற்கு, எண் 128. செங்கல் கட்டடம். 1910-இல் திரும்பி வந்து ஆறு வருடம் அங்கேதான் எடுத்தார், 1916-க்குப் பின் புதுக் கட்டடத்தில். அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, போகும்போது படம் எடுத்து இதே இழையில் போடுகிறேன்.